விதிப்புத்தகத்தில் இவர்களுக்கும் ஒரு வரி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பயிற்சிக்கூட ஃபோர்மேனாக இருக்கிறேன். ஐடிஐ முடித்துவிட்டு அப்ரண்டிஸாக வருகிற பிள்ளைகள் முதலில் என் கையில்தான் வருவார்கள். எல்லாருக்கும் 18, 19 வயது. ஃபைல் பிடிப்பதிலிருந்து ஆரம்பித்து, டிரில்லிங், லேத் என்று பழக்கி, அப்புறம் உற்பத்திப் பிரிவுக்கு அனுப்புவோம். புது பேட்ச் சேர்ந்திருக்கிற நேரம் இது. இப்போதே சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

தன் பாலினத்தவரையே விரும்பும் பிள்ளைகளும், பிறந்தபோது எழுதப்பட்ட பாலினத்தில் தன்னை உணராத பிள்ளைகளும் எல்லா பேட்சிலும் இருக்கலாம். எத்தனை பேர், யார் யார் என்று நமக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் நடையையும் குரலையும் வைத்து ஷாப்பில் உள்ளவர்களே முடிவு செய்துவிடுகிறார்கள். அதிலிருந்து அந்தப் பிள்ளைக்கு நிம்மதி கிடையாது. கிண்டல் என்று நாம் பெயர் வைத்திருக்கும் இந்த விஷயம் சிலரை உயிரை விட்டுவிடலாமா என்று நினைக்கிற இடம்வரை தள்ளுகிறது. இதைத் தடுக்க நான் பார்த்த எந்தத் தொழிற்சாலையின் விதிப்புத்தகத்திலும் ஒரு வரி இல்லை. அந்த ஒரு வரியைக் கேட்பதற்காகத்தான் இந்தக் கடிதம்.

சில வருடங்களுக்கு முன் ஃபிட்டர் டிரேடில் ஒரு பையன் வந்தான். எப்படிப்பட்ட கை என்றால், அவன் ராவிய கட்டையின் மேல் மட்டம் பார்க்கும் டிரை ஸ்கொயரை வைத்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தால் இடையில் கீற்று வெளிச்சம்கூடத் தெரியாது. பல வருடம் வேலை பார்த்தவர்களுக்கே அது எளிதில் வராது. மெல்லிய குரல், மெதுவான நடை. பயிற்சிக்கூடத்தில் இருந்தவரை சந்தோஷமாக இருந்தான்.

உற்பத்திப் பிரிவுக்குப் போனதும் ஆரம்பித்தது. எட்டு-ஒன்பது அளவு ஸ்பேனர் என்று ஒன்று உண்டு. ஒரு முனை 8 மில்லிமீட்டர், மறுமுனை 9. தேவை இருக்கிறதோ இல்லையோ, அவனைக் கூப்பிட்டு அந்த ஸ்பேனரைக் கேட்பார்கள். 'ஒன்பது' என்ற இடத்தில் குரலை இழுப்பார்கள். லைன் முழுக்கச் சிரிக்கும். கேண்டீனில் அவன் தட்டை வைத்தால் பெஞ்சில் இருப்பவர்கள் எழுந்து போவார்கள். ஷிஃப்ட் வாட்ஸ்அப் குழுவில் அவன் முகத்தைப் புடவை கட்டிய படத்தில் ஒட்டிப் போட்டார்கள். கழிப்பறைக்குப் போனால் இரண்டு பேர் பின்னாலேயே போய்க் கதவைத் தட்டுவார்கள். கழிப்பறைக்குப் போகாமல் இருப்பதற்காக எட்டு மணி நேர ஷிஃப்டில் தண்ணீர் குடிப்பதையே அவன் நிறுத்திவிட்டான். இதைச் செய்தவர்கள் விடலைப் பையன்கள் என்று நினைக்க வேண்டாம். கல்லூரி போகிற வயதில் சொந்தப் பிள்ளைகளை வைத்திருப்பவர்களும் அதில் இருந்தார்கள்.

எனக்கு விஷயம் பிடிபட்டது ஒரு வெர்னியரால். முதல் மாத உதவித்தொகையில் அவன் சொந்தமாக நுண்ணிய அளவு எடுக்கும் வெர்னியர் காலிப்பர் ஒன்று வாங்கியிருந்தான். துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்திருப்பான், யாருக்கும் கடன்கூடத் தரமாட்டான். ஒருநாள் அது இன்னொரு பையன் மேசையில் இருந்தது. கேட்டேன். "நீயே வெச்சுக்கோன்னு குடுத்துட்டான் சார்" என்றான். எந்த ஃபிட்டரும் தன் வெர்னியரைச் சும்மா தூக்கிக் கொடுக்கமாட்டான். உயிராக வைத்திருந்த பொருளை ஒருவர் திடீரென்று பிறருக்குக் கொடுத்துவிடுவது தற்கொலை எண்ணத்தின் அடையாளமாக இருக்கலாம் என்று ஒரு முதலுதவி வகுப்பில் கேட்டிருந்தேன். அது அப்போது நினைவுக்கு வந்தது.

டூல் ஸ்டோருக்குள் கூட்டிப்போய் உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, சுற்றி வளைக்காமல் கேட்டேன். "செத்துடலாம்னு தோணுதா தம்பி?" இப்படி நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆகாது என்றுதான் இந்தத் துறை மருத்துவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். கேட்டால் பாரம் இறங்கும். அவன் டம்ளரைப் பார்த்துக்கொண்டே, "தினமும் தோணுது சார்" என்றான். அதன்பின் ரொம்ப நேரம் அழுதான். அன்று அவனைத் தனியாக விடவில்லை. "வீட்டுல யார்கிட்ட சொன்னா உனக்குச் சரியா இருக்கும்?" என்று அவனையே கேட்டேன். அக்கா என்றான். ஸ்டோரில் இருந்தே 104 என்ற உதவி எண்ணுக்குப் பேசினோம். மறுநாள் அக்காவும் நானும் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போனோம். அங்கிருந்த மருத்துவர், "உன் சுபாவத்தில் சரிசெய்ய எதுவும் இல்லை. தூக்கமின்மைக்கும் மனச்சோர்வுக்கும்தான் மருந்து" என்று அவனிடமே தெளிவாகச் சொன்னார். அந்த வார்த்தை அவனுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை முகத்தில் பார்த்தேன்.

இப்போது நன்றாக இருக்கிறான். வேறு ஊரில், வேறு நிறுவனத்தில் வேலை. இந்தக் கடிதத்தை ஃபோனில் அவனுக்குப் படித்துக் காட்டி, சம்மதம் வாங்கிய பிறகுதான் அனுப்புகிறேன். "என் ஊரை மட்டும் எழுதிடாதீங்க சார்" என்றான்.

எச்.ஆர். அலுவலகத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அங்கே இருந்தவர் கெட்டவர் இல்லை, நிஜமாகவே உதவ நினைத்தார். ஆனால் அவர் கையில் எதுவும் இல்லை. பாலியல் தொல்லை புகார்க்குழுவுக்கு அனுப்பலாம் என்றால், 2013-ம் ஆண்டுச் சட்டம் பெண்களின் புகாருக்கு மட்டும்தான். பையன் புகார் கொடுக்க முடியாது. "அப்ளிகேஷன்ல அப்பா நம்பர் இருக்கு, வரச்சொல்லிப் பேசிடலாமா?" என்று அடுத்துக் கேட்டார். கூடவே கூடாது என்றேன். 19 வயது ஆள் அவன். தன்னைப் பற்றி வீட்டில் எப்போது, யாரிடம் சொல்வது என்பது அவன் முடிவு. நல்லது செய்வதாக நினைத்து நாம் போடும் அந்த ஒரு ஃபோன் அவனுக்கு வீட்டையும் இல்லாமல் ஆக்கிவிடும். பெண் பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் மோசம். விடுதியில் இரண்டு பெண்கள் நெருக்கமாக இருக்கிறார்கள் என்று வார்டன் ஊருக்குச் சொல்லிவிட்டால், மறுநாள் காரில் வந்து இழுத்துப்போய், அவசரக் கல்யாணமோ, 'சரிசெய்கிறேன்' என்கிற யாரோ ஒருவரிடம் 'சிகிச்சையோ' நடத்துகிறார்கள்.

கடைசியாக, "அவனை நைட் ஷிஃப்டுக்கு மாத்திடறேன்" என்றார். எல்லா இடத்திலும் இதுதான் நடக்கிறது. தொல்லைப்பட்டவனை மாற்றுவார்கள், தொல்லை கொடுத்தவன் அதே இடத்தில் அடுத்த பேட்சுக்காகக் காத்திருப்பான்.

நிலைமையை மாற்றியது எங்கள் தொழிற்சங்கச் செயலாளர். ஷிஃப்ட் மாறும் நேரத்து கேட் மீட்டிங்கில், பையன் யாரென்று சொல்லாமலே பேசினார். "அப்ரண்டிஸ் பசங்க நம்ம சங்கத்துல மெம்பர் கிடையாது. ஆனா அவங்களும் நம்ம வீட்டுப் பசங்க வயசுதான். இனிமே ஒரு பையனை இப்படித் தொல்லை பண்ணி கம்பெனிகிட்ட சார்ஜ் ஷீட் வாங்கினா, சங்கம் உங்களுக்காக வந்து நிக்காது." இதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை. அந்த வாரமே வாட்ஸ்அப் படங்கள் நின்றன. இரண்டு பேரை வேறு லைனுக்கு மாற்றினார்கள். அதில் ஒருவர் என்னிடம் வந்து, "இவ்வளவு பெருசா எடுத்துக்குவான்னு தெரியாது சார்" என்றார். உண்மையாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். அவரைப் போன்றவர்களுக்காகவும்தான் எழுத்தில் விதி வேண்டும் என்கிறேன். ஹெல்மெட் போடு, மெஷினில் கையை விடாதே என்று சுவரில் எழுதி வைக்கிறோம். இது தப்பு என்றும் யாராவது எழுதி வைத்திருந்தால் அவருக்கும் தெரிந்திருக்கும்.

அப்ரண்டிஸ் பிள்ளைகளின் நிலைமை பலருக்குத் தெரியாது. 1961-ம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி அவர்கள் பயிற்சி பெறுபவர்கள், தொழிலாளர்கள் இல்லை. தொழிலாளர் சட்டங்கள் அவர்களுக்குப் பொருந்தாது என்று 18-வது பிரிவு சொல்கிறது. சுகாதாரம், பாதுகாப்பு, நலன் போன்ற சில விதிகள் மட்டும் உண்டு. ஆனால் 17-வது பிரிவில், ஒழுங்கு நடவடிக்கை என்று வந்தால் நிறுவனத்தின் விதிகள் அவர்களுக்கும் பொருந்தும் என்று இருக்கிறது. அதாவது தண்டனைக்கு அவன் எங்கள் ஆள், பாதுகாப்புக்கு வெளி ஆள். இதில் வேலையைவிட்டுப் போகவும் முடியாது. பாதியில் போனால் தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ் கிடைக்காது. அந்தச் சான்றிதழை நம்பித்தான் ரயில்வேக்கும் பொதுத்துறை நிறுவனங்களுக்கும் விண்ணப்பிக்கக் காத்திருக்கிறார்கள். இதெல்லாம் தெரிந்துதான் தொல்லை கொடுப்பவர்களும் துணிகிறார்கள்.

அதே வயதில் கல்லூரிக்குப் போனவனின் நிலைமை வேறு. ராகிங்கை ஒரு காலத்தில் விளையாட்டு என்றுதான் நாம் சொல்லிக்கொண்டிருந்தோம். 1996-ல் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகு தமிழ்நாடே கொதித்தது, 1997-ல் தனிச் சட்டம் வந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2016-ல் ராகிங் விதியைத் திருத்தி, பாலின அடையாளம், பாலியல் நாட்டம் காரணமாக ஒரு மாணவரைத் துன்புறுத்துவதும் ராகிங்தான் என்று எழுதியது. ஆக, கல்லூரிக்குப் போனவனுக்கு ஒரு விதி இருக்கிறது. கஷ்டப்படுகிற குடும்பம் என்பதால் ஐடிஐ படித்து ஆலைக்கு வந்தவனுக்கு இல்லை.

திருநர்களுக்கு 2019-ம் ஆண்டுச் சட்டம் கொஞ்சம் வழி செய்திருக்கிறது. ஒவ்வொரு நிறுவனமும் ஒரு புகார் அலுவலரை நியமிக்க வேண்டும். புகார் வந்தால் 15 நாளில் அவர் விசாரிக்க வேண்டும் என்று 2020-ல் வந்த விதிகள் சொல்கின்றன. எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளில் இந்த அலுவலர் யார் என்று நண்பர்களிடம் விசாரித்தேன். அப்படி ஒருவர் வேண்டும் என்பதே பெரும்பாலோருக்குத் தெரியவில்லை. இந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவதில் இருக்கும் மெத்தனத்தை உச்ச நீதிமன்றமே 2025 அக்டோபரில் கண்டித்தது. வேலையிழந்த ஒரு திருநங்கை ஆசிரியைக்கு இழப்பீடும் வழங்கச் சொன்னது. ஆனால் திருநர் அல்லாமல், தன்பாலின ஈர்ப்புள்ள ஒரு பையனுக்கோ பெண்ணுக்கோ தனியார் வேலையிடத்தில் இந்த அளவுகூட இல்லை. 2018-ல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ம் பிரிவு விஷயத்தில் வந்த தீர்ப்பு அவர்களைக் குற்றவாளி இல்லை என்றது, அவ்வளவுதான்.

இவையெல்லாம் நடக்கக்கூடிய காரியமா என்று கேட்பவர்களுக்கு நம் மாநிலத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்களின் வழக்கில், 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் விரிவான உத்தரவு போட்டார். பாலியல் நாட்டத்தை 'மாற்றும்' சிகிச்சைகளுக்குத் தடை விதித்தார். எனக்கு அதில் பெரிதாகப் பட்டது இன்னொன்று. இதைப் பற்றித் தனக்குப் போதிய புரிதல் இல்லை என்று சொல்லி, உளவியல் நிபுணர் ஒருவரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டதை அவரே பதிவு செய்தார். உயர் நீதிமன்ற நீதிபதி அதற்கு நேரம் ஒதுக்கினார் என்றால், ஷிஃப்ட் சூப்பர்வைசர்களை அரைநாள் வகுப்பில் உட்காரவைப்பது முடியாத காரியமா? அந்த வழக்கின் தொடர்ச்சியாகவே, இந்தச் சமூகத்தினரைக் காவலர்கள் துன்புறுத்தக் கூடாது என்று 2022-ல் தமிழ்நாடு அரசு காவலர் நடத்தை விதிகளில் சேர்த்தது. காவல்துறையின் விதிப்புத்தகத்தில் ஏறிய வரி கியர் செய்யும் கம்பெனியின் விதிப்புத்தகத்திலும் ஏறலாம்.

ஓ.எம்.ஆர். பக்கம் பெரிய ஐ.டி. நிறுவனங்கள் பலவற்றில் இதற்கெல்லாம் கொள்கை உண்டு என்று கேள்விப்படுகிறேன், நல்ல விஷயம். அது ஏ.சி. அறையில் மட்டும்தான் சாத்தியம் என்று நினைக்க வேண்டாம். ஜார்கண்டில் டாடா ஸ்டீல் சுரங்கத்தில் திருநர்கள் கனரக வாகனம் ஓட்டுகிறார்கள். ஆனால் வேலை மட்டும் கொடுத்தால் போதாது என்பதற்கும் உதாரணம் உண்டு. 2017-ல் கொச்சி மெட்ரோ திருநர்களை வேலைக்கு எடுத்தபோது நாடே பாராட்டியது. வாடகைக்கு வீடு கிடைக்காமல் சிலர் ஒரு மாதத்துக்குள்ளேயே விலகினார்கள். எங்கள் அப்ரண்டிஸ்களும் ஐந்தாறு பேராக ஒரே அறையில்தான் தங்குகிறார்கள். ஷாப்பில் கிளம்பும் பேச்சு அன்று ராத்திரியே அறைக்கும் போய்விடும். எனவே தங்குமிடமும் நிறுவனத்தின் கவலையாக இருக்க வேண்டும்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ம் ஆண்டுக் கணக்கில் நாடு முழுவதும் 1,70,924 தற்கொலைகள். தமிழ்நாட்டில் 19,834, மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். இதில் எத்தனை பிள்ளைகள் இந்தக் காரணத்தால் போனவர்கள் என்பதற்குக் கணக்கு கிடையாது. குடும்பப் பிரச்சினை, காதல், நோய் என்று ஏதோ ஒரு தலைப்புக்குள் போய்விடுகிறார்கள். கணக்கில் வராததால் கவலையிலும் வராமல் போகிறார்கள்.

யாராவது இப்போது அந்த நிலையில் இருந்தால், தயவுசெய்து ஒரு ஃபோன் செய்யுங்கள். 14416 என்ற மத்திய அரசின் டெலிமானஸ் எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். மாநில அரசின் எண் 104. சென்னையில் உள்ள சினேகா தற்கொலைத் தடுப்பு மையம் 044-24640050. நாங்கள் இந்த எண்களைக் கழிப்பறைக் கதவுகளின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறோம். நோட்டீஸ் போர்டின் முன் நின்று குறித்துக்கொள்ள அந்தப் பிள்ளைகளுக்குத் துணிவு வராது. கதவைச் சாத்திக்கொண்டால் யாரும் பார்க்கமாட்டார்கள்.

இப்போது ஒரு நல்ல வாய்ப்பு வந்திருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. 300 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் நிலையாணைகள், அதாவது வேலையிட நடத்தை விதிகள், புதிதாக எழுதப்படும். பாலின அடையாளத்தையோ பாலியல் நாட்டத்தையோ, அப்படி இருக்குமோ என்ற சந்தேகத்தையோ வைத்து ஒருவரைக் கேலி செய்வதும் துன்புறுத்துவதும் ஒழுங்கீனம் என்று அதில் சேர்க்கும்படி நிறுவனங்களையும் சங்கங்களையும் கேட்டுக்கொள்கிறேன். அப்ரண்டிஸ், ஒப்பந்தத் தொழிலாளி, பயிற்சி மாணவர் என்று பிரிக்காமல், கேட்டுக்குள் வரும் எல்லாருக்கும் அது பொருந்த வேண்டும். புகாரை வாங்குபவர், கொடுத்தவரின் வீட்டுக்குத் தகவல் சொல்லக் கூடாது, புகார் கொடுத்தவரின் சம்மதம் இல்லாமல் அவரை இடம் மாற்றக் கூடாது என்பதையும் எழுத்தில் வைக்க வேண்டும். தொழிலாளர் துறைக்கும் ஒரு கோரிக்கை. ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் தீயணைப்பானின் தேதியைப் பார்க்கிறார்கள், முதலுதவிப் பெட்டியைத் திறந்து பார்க்கிறார்கள். அப்படியே, புகார் அலுவலரின் பெயரும் ஃபோன் எண்ணும் எங்கே எழுதியிருக்கிறது என்றும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
பயிற்சிக்கூட ஃபோர்மேன், அம்பத்தூர்

(என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். என் பெயர் தெரிந்தால் அந்தப் பையன் யாரென்று எங்கள் பேட்டையில் தெரிந்துவிடும்.)